நூலக வரியும் குடவோலையும்

போன மாசம் வீட்டு வரி கட்டப் போனப்ப, எனக்கு முன்னாடி எங்க தெரு ஆயா ஒருத்தங்க நின்னுட்டிருந்தாங்க. ரசீதைக் கையில வாங்கி, என்கிட்ட நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுப்பா"ன்னாங்க. வீட்டு வரி இவ்வளவு, நூலக வரி இவ்வளவுன்னு படிச்சேன். ஆயா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "வீடு இருக்கு, அதுக்கு வரி சரி. எழுதப் படிக்கத் தெரியாத கெழவிகிட்ட எதுக்குப்பா நூலகத்துக்குக் காசு? அதுவும் தெறக்காத நூலகத்துக்கு?"

பின்னாடி நின்னவங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. எங்க ஊர் நூலகம் பூட்டியே கிடக்கறது எல்லாருக்கும் தெரியும். வெளித் திண்ணையில ஆடு படுத்திருக்கும். சொர்ணவாரி அறுவடை சமயத்துல சாக்கு மூட்டை கூட அடுக்கியிருப்போம், நானும்தான். ஆனா ஆயா கேட்டதுக்கு அப்புறம் ஒரு கேள்வி மனசுல ஒட்டிக்கிச்சு. இந்தக் காசை யார் வாங்கறாங்க? அவங்களை யார் தேர்ந்தெடுத்தாங்க? சரியா பண்ணலேன்னா யார் மாத்தறது?

நகரத்துல இருக்கற உங்களுக்கும் இது பொருந்தும். உங்க சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, அதுக்குள்ளயும் நூலக வரி இருக்கும். வரியில ரூபாய்க்கு 10 பைசா. 1,000 ரூபாய் வரின்னா நூறு ரூபாய் நூலகத்துக்கு.

இது 1948ஆம் வருஷத்துச் சென்னைப் பொது நூலகங்கள் சட்டத்துல இருந்து வருது. சுதந்திர இந்தியாவுல ஒரு மாகாணம் போட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். நூலகத் துறையில உலகமே மதிக்கற எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் விடாம வலியுறுத்தினார். அப்போ கல்வி அமைச்சரா இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதைச் சட்டமாக் கொண்டு வந்தார். சட்டத்தோட உயிர்நாடி ரெண்டு. ஒண்ணு, நூலகத்துக்குன்னே தனி வரி. சர்க்கார் கஜானாவுல பணம் இருக்கா இல்லையான்னு பார்த்துப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை, ஜனங்க குடுக்கற காசு நேரா நூலகத்துக்குப் போகணும். இன்னொண்ணு, அந்தக் காசைக் கையாள மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு. உள்ளாட்சி மன்றங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பற உறுப்பினர்கள், அரசு நியமிக்கற உறுப்பினர்கள்னு கலந்து அமைச்ச குழு. மாவட்ட நூலக அலுவலர் அதுக்குச் செயலாளர்.

காகிதத்துல நல்ல ஏற்பாடு. ஊர் மன்றம் உறுப்பினரை அனுப்பும், குழு நூலகத்தைப் பார்த்துக்கும், குழு சொதப்பினா ஊர் மன்றத்துக்கிட்ட நாம கேட்கலாம். நடைமுறை வேற. இன்னிக்கு மாவட்ட நூலக ஆணைக்குழுத் தலைவர் யாருன்னு உங்க தெருவுல பத்து பேரைக் கேளுங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா அதிகம். தலைவரை அரசு நியமிக்குது. செய்தித்தாள்ல பொன்னாடை போர்த்தற படம் வரும், அவ்வளவுதான் நமக்குத் தெரியும். உள்ளாட்சிகள் வசூலிச்ச நூலக வரியைக் குழுவுக்குக் கட்டாம பாக்கி வைக்கறதும் அடிக்கடி செய்தியா வரும்.

கிராமத்துல இன்னொரு சிக்கல். 2006ல அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. வருஷத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சி வீதம் எடுத்து, மத்த வேலைகளோட ஊருக்கொரு நூலகமும் கட்டினாங்க. அந்த நூலகம் ஊராட்சியோட பொறுப்பு. ஆனா நாம கட்டற நூலக வரி போகறது மாவட்ட ஆணைக்குழுவுக்கு. கட்டடம் ஒருத்தர் கையில, காசு இன்னொருத்தர் கையில. நடுவுல ஆடு படுத்திருக்கு.

வரி கட்டின அதே வாரம் உரம் வாங்க உத்திரமேரூர் போனேன். கடையில கூட்டம். நேரத்தைப் போக்க பஸ் நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கற வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்தேன். சின்ன வயசுல இருந்து எத்தனையோ தடவை அந்தச் சுவத்துல சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கேன். அன்னிக்குத்தான் எதிர்ல இருக்கற சுவரே நான் கேட்ட கேள்விக்குப் பதில்னு உறைச்சுது.

அந்தச் சுவத்துல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ரெண்டு இருக்கு. ஒண்ணு அவனோட 12ஆவது ஆட்சியாண்டு, அதாவது 919. இன்னொண்ணு 14ஆவது ஆட்சியாண்டு, 921. அப்போ ஊர் பேரு உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். ஊர்ச்சபை தன்னோட வாரியங்களுக்கு ஆள் எடுக்கறது எப்படி, எடுத்தவங்களை மாத்தறது எப்படின்னு எழுதி வச்ச விதிதான் அது. வாரியம்கற சொல்லைக் கவனிங்க. மின்சார வாரியம், குடிநீர் வாரியம்னு இன்னிக்கும் நாம அதே சொல்லைத்தான் புழங்கறோம். அன்னிக்கு ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், பஞ்சவார வாரியம், இதுக்கெல்லாம் மேல சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம்.

ஊரை 30 குடும்பாப் பிரிச்சிருந்தாங்க. குடும்புன்னா இன்னிக்கு வார்டுன்னு வச்சுக்கலாம். ஒவ்வொரு குடும்புலயும் தகுதியுள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடும்பு வாரியாக் கட்டி, 30 கட்டையும் ஒரு குடத்துல போடணும். சின்னவங்க பெரியவங்க எல்லாரும் சபையில கூடியிருக்கணும். ஊர்ல இருக்கற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம மண்டபத்துக்குள்ள உட்கார்ந்திருக்கணும். அவங்கள்ல மூத்தவர் எழுந்து நின்னு, எல்லாருக்கும் தெரியற மாதிரி குடத்தைத் தூக்கிப் பிடிக்கணும். விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேற குடத்துல பிரிச்சுப் போட்டுக் குலுக்கி, அதுல இருந்து ஒரே ஒரு ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில குடுப்பான். மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். இன்னொரு ஓலையை விரலிடுக்குல ஒளிச்சு மாத்திடக் கூடாது பாருங்க, அதுக்குத்தான். அவர் பேரை உரக்கப் படிக்கணும். உள்ள இருக்கற நம்பிமார் அத்தனை பேரும் அந்த ஓலையைத் திரும்பப் படிக்கணும். அப்புறம்தான் பேரை எழுதிக்கணும்.

இப்படி 30 குடும்புக்கும் 30 பேர். அவங்கள்ல முன்ன தோட்ட வாரியம், ஏரி வாரியம் பார்த்த அனுபவஸ்தர்கள், வயசுல மூத்தவங்கன்னு 12 பேர் ஆண்டு வாரியத்துக்கு. 12 பேர் தோட்டத்துக்கு, 6 பேர் ஏரிக்கு. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தனியா இன்னொரு தடவை குடவோலை.

இந்தச் சின்னப் பையன் விஷயம் படிக்கறப்ப எனக்கு எங்க ஊர் குலுக்கல் சீட்டுதான் ஞாபகம் வந்தது. இன்னிக்கும் சீட்டு எடுக்கறப்ப தெருவுல விளையாடற குழந்தை ஒண்ணைத்தான் கூப்பிடுவாங்க. டப்பாவை எல்லார் எதிர்லயும் கவுத்துக் காட்டி, அப்புறம்தான் துண்டுக் காகிதம் போடுவாங்க. பணம்னு வந்தா யாரையும் முழுசா நம்ப வேணாம், முறையை நம்பலாம்கறது ஜனங்களுக்குத் தெரியும்.

பெருமை பேசறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தை நேர்மையாச் சொல்லிடணும். முதல்ல, இது ஓட்டு இல்லை, குலுக்கல். "உலகத்தோட முதல் தேர்தல்"னு மேடையில பேசறவங்க இதைச் சொல்றதில்லை. ரெண்டாவது, யார் பேரை ஓலையில எழுதலாம்? கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம் இருக்கணும். இன்னிக்குக் கணக்குல வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர், அப்போ கால் வேலின்னா ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. எங்க பக்கத்துக் கணக்குல ஒண்ணேகால் காணி வரும். சொந்த மனையில கட்டின வீட்டுல இருக்கணும். வயசு 35க்கு மேல, 70க்குக் கீழ. வேதம் படிச்சு, சொல்லிக் குடுக்கவும் தெரிஞ்சிருக்கணும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதி விளக்கத் தெரிஞ்சவர்னா அரைக்கால் வேலி நிலமே போதும். அது பிரமதேய ஊர், சபை நிலமுள்ள பிராமணர்களோட சபை. பொம்பளைங்க கிடையாது. அந்த நிலத்துல ஏர் ஓட்டினவங்க, நாத்து நட்டவங்க, ஏரியில தூர் வாரினவங்க கிடையாது. என் பாட்டன் பூட்டன் அந்த மண்டபத்துப் பக்கம் போயிருந்தா வெளியிலதான் நின்னிருப்பாங்க. வரி ரசீது கேட்ட எங்க தெரு ஆயாவும்தான்.

அதனால யார் வரலாம்கற கேள்விக்கு அந்தச் சுவர்கிட்ட நாம பாடம் கேட்க வேண்டியதில்லை. அதுல நாம எவ்வளவோ தாண்டி வந்துட்டோம். பதினெட்டு வயசான எல்லாருக்கும் ஓட்டு. தமிழ்நாட்டு உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் தனி ஒதுக்கீடு.

சுவர்ல படிக்க வேண்டியது மத்த பாதி. வந்தவங்க எப்படிப் போகணும்கற பாதி.

வாரியத்துல இருக்கற காலம் 360 நாள். அது முடிஞ்சா இறங்கணும். கடைசி மூணு வருஷத்துக்குள்ள ஏதாவது வாரியத்துல இருந்தவர் பேரை ஓலையில எழுதவே கூடாது. வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாம போனவர் பேரையும் எழுதக் கூடாது. அதோட விடல. அவரோட சொந்தக்காரங்க பேரையும் எழுதக் கூடாதுன்னு பட்டியல் போடுது கல்வெட்டு. சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை பிள்ளைங்க, மாமன் பிள்ளைங்க, கூடப்பிறந்தவ புருஷன், அவ பிள்ளைங்க, மருமகன், தகப்பன், மகன் எல்லாரும் அதுல அடக்கம். கிராமத்துல இருக்கற எனக்கு இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. ஊர்ல பதவி எந்த வழியா நழுவிப் போகும்னு தெரிஞ்ச யாரோதான் அந்தப் பட்டியலை எழுதியிருக்கணும். தான் நிக்க முடியலேன்னா மச்சானை நிறுத்தறது நேத்து வந்த வித்தை இல்லை.

வருஷம் முடியட்டும்னு காத்திருக்கவும் வேண்டியதில்லை. வாரியத்துல இருக்கறப்பவே குத்தம் செஞ்சது தெரிஞ்சா அப்பவே இறக்கிடணும்னு விதி இருக்கு. கணக்கு எழுதறவருக்கும் கட்டுப்பாடு. எழுதின கணக்கைத் தானே நேர்ல காட்டி முடிக்காம அவருக்கு மறுபடி வேலை குடுக்கக் கூடாது, அவருக்குப் பதிலா இன்னொரு கணக்கன் வந்து காட்டவும் கூடாது.

இன்னொண்ணு. கல்வெட்டு ஏன் ரெண்டு? 919ல ஒரு முறை எழுதினாங்க. ரெண்டு வருஷத்துல அதைத் திருத்தி, விரிச்சு, மறுபடி கல்லுல வெட்டினாங்க. முதல்ல வயசு 30ல இருந்து 60ன்னு இருந்தது, ரெண்டாவதுல 35ல இருந்து 70ன்னு மாறுச்சு. தகுதியும் தகுதிக் குறைவும் இன்னும் விவரமா வந்தது. ரெண்டு தடவையும் அரசன் ஆணைப்படி சோழநாட்டு அதிகாரி ஒருத்தர் உடன் இருந்திருக்கார். கல்லுல வெட்டினாலும் முதல் தடவை சரியா வரலேன்னா மாத்தலாம்னு அவங்களுக்குத் தோணியிருக்கு.

இதெல்லாம் எதுக்கு? முக்கியமா ஏரிக்கு. உத்திரமேரூர் பெரிய ஏரிக்குப் பழைய பேரு வயிரமேகத் தடாகம், பல்லவன் தந்திவர்மன் பட்டப்பேர்ல வந்தது. ஏரியைத் தூர் வாரறதுக்குப் பொன் குடுத்தவங்களைப் பத்தியும் இந்த ஊர்க் கல்வெட்டுகள் பேசுது. விவசாயிக்கு இது உடனே புரியும். ஒரு வருஷம் தூர் வாரலேன்னா ஒண்ணும் தெரியாது. அஞ்சு வருஷம் வாரலேன்னா கடைமடை காயும். தப்பு பண்ணின ஆளை அஞ்சு வருஷம் கழிச்சு மாத்தினா ஏரி திரும்பி வராது. அதனாலதான் 360 நாள்னு நான் நினைக்கிறேன்.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1948 நவம்பர்ல, நூலகச் சட்டம் வந்த அதே வருஷம், அரசியல் நிர்ணய சபையில டி.பிரகாசம் இந்தக் கல்வெட்டைச் சொல்லிக் காட்டிப் பேசினார். கிராம சுயாட்சியை விட்டுட்டு அரசியல் சட்டம் எழுதறீங்களேங்கறது அவரோட வாதம். 2020 டிசம்பர் 10 அன்னிக்கு, புது பாராளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டின விழாவுல பிரதமர் உத்திரமேரூர் பேரைச் சொன்னார். எங்க ஊர் டீக்கடையில அன்னிக்கு எல்லாருக்கும் பெருமை.

அந்த டிசம்பர் 10 அன்னிக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்துல தேர்ந்தெடுத்த ஊராட்சி மன்றம் ஒண்ணு கூட இல்லை. உத்திரமேரூர் பேரூராட்சியிலயும் இல்லை. பழைய மன்றங்களோட காலம் 2016 அக்டோபர்ல முடிஞ்சுது. இட ஒதுக்கீடு வழக்கு, வார்டு மறுவரையறை, மாவட்டப் பிரிப்புன்னு ஒவ்வொண்ணாத் தேர்தல் தள்ளிப் போச்சு. 2019 டிசம்பர்ல 27 மாவட்டத்துல ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தப்ப, பிரிச்ச ஒன்பது மாவட்டத்துல எங்களுதும் ஒண்ணுன்னு விட்டுட்டாங்க. கடைசியா 2021 அக்டோபர் 6லயும் 9லயும்தான் நாங்க ஓட்டுப் போட்டோம். பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி. நடுவுல அஞ்சு வருஷம் தனி அலுவலர் ஆட்சி. அஞ்சு வருஷம்னா ஒரு முழு மன்றத்தோட ஆயுசு. காலம் முடியறதுக்கு முன்னாடி தேர்தல் நடத்தி முடிக்கணும்னு அரசியல் சட்டமே சொல்லுது.

தனி அலுவலர் கெட்டவர்னு சொல்ல வரல. அவருக்குப் பல ஊர் பொறுப்பு, அவர் இந்த ஊர்க்காரரும் இல்லை. தெருவிளக்கு எரியலேன்னா யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறதுங்கறதுதான் விஷயம். எங்க நூலகம் பூட்டினதும் அந்த அஞ்சு வருஷத்துலதான். யாரும் ஆணை போட்டு மூடல. பார்த்துக்கிட்டவருக்கு உடம்பு முடியல, வேற ஆளைப் போட மன்றம் இல்லை, சாவி ஒரு இடத்துல தங்கிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. மாத்த வேண்டியவங்களை மாத்த வழி இல்லாதப்ப, நிறைய விஷயம் இப்படிச் சத்தமில்லாமதான் சாகுது.

நூலக ஆணைக்குழுவும் இதே கதைதான். உள்ளாட்சி மன்றம் உறுப்பினரை அனுப்பணும்னு சட்டம் நினைச்சா, மன்றமே இல்லாதப்ப யார் அனுப்பறது? மேல நியமனம் மட்டும்தான் மிச்சம். நியமனத்துல வந்தவர் நியமிச்சவரைத்தான் பார்ப்பார். அது மனுஷ சுபாவம்.

யார் வரலாம்கறதுல ஆயிரம் வருஷத்துல நாம ஜெயிச்சுட்டோம். எப்போ போகணும், போகறப்ப எப்படிக் கணக்குக் காட்டணும்கறதுல அந்தக் குறுகின சபை அளவுக்குக் கூட நாம கண்டிப்பா இல்லை.

ஊருக்குத் திரும்பி வந்ததும் அடுத்த கிராம சபைக்காகக் காத்திருந்தேன். இப்போ வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கணும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைப் பேச்சு, குடிநீர்ப் பேச்சு எல்லாம் முடிஞ்சதும் எழுந்து நூலகத்தைப் பத்திக் கேட்டேன். நான் கேட்டது சபையில பெரிசா எடுபடல. அப்புறம் ஆயா எழுந்தாங்க. ரசீதைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டி, "இந்தக் காசுக்குக் கணக்கு யார் சொல்வாங்க?"ன்னு மட்டும் கேட்டாங்க. மூத்த நம்பி குடத்தைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி இருந்தது எனக்கு.

ரெண்டு தீர்மானம் எழுதினோம். ஊர் வசூலிச்ச நூலக வரி எவ்வளவு, அனுப்பினது எவ்வளவுன்னு அடுத்த கிராம சபையில படிச்சுக் காட்டணும்கறது ஒண்ணு. நூலகத்தைப் பார்த்துக்க அஞ்சு பேர் குழு, ஒரு வருஷத்துக்கு மட்டும்கறது இன்னொண்ணு. விருப்பம் சொன்னவங்க பதினோரு பேர். கை தூக்கச் சொன்னா தெரு தெருவாப் பிரிஞ்சிடும்னு பயந்து, சீட்டுக் குலுக்கிடலாம்னு நான் சொன்னேன். முதல்ல சிரிச்சாங்க, அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. அங்கன்வாடிக் குழந்தை ஒண்ணு எடுத்துக் குடுத்துச்சு. என் பேரு வரல. ஆயா பேத்தி பேரு வந்தது. காலேஜ் படிக்கற பொண்ணு.

இப்போ சாயங்காலம் அஞ்சுல இருந்து ஏழு வரை நூலகம் திறந்திருக்கு. பழைய புத்தகம்தான், பாதி கரையான் அரிச்சது. போட்டித் தேர்வுக்குப் படிக்கற நாலு பசங்க தினம் வர்றாங்க. வரிக் கணக்கு இன்னும் வரல, அடுத்த கிராம சபையில கேட்போம்.

எங்க மன்றத்தோட காலம் 2026 அக்டோபர்ல முடியற கணக்கு. மத்த 27 மாவட்டத்துல 2025 ஜனவரியில காலம் முடிஞ்சப்ப, தேர்தல் வரல, தனி அலுவலர்தான் வந்தார். எங்களுக்கும் அதே ஆகுமான்னு டீக்கடையில பேச்சு ஓடுது. குழுவோட ஒரு வருஷம் முடியறப்ப, மன்றம் இருந்தாலும் இல்லாட்டாலும், மறுபடி சீட்டுக் குலுக்கணும்னு பேசி வச்சிருக்கோம். இப்போ இருக்கற அஞ்சு பேர் பேரையும் அதுல எழுதக் கூடாதுன்னும்தான். ஆயா பேத்திக்கு அதுல கொஞ்சம் வருத்தம். "நல்லாத்தானே பார்த்துக்கறேன்"னு கேட்டுச்சு. நல்லாத்தான் பார்த்துக்குது. இருந்தாலும் முறைன்னா முறைதான்னு ஆயாவே சொல்லிட்டாங்க.

உத்திரமேரூர் பக்கம் வந்தா அந்தச் சுவரைப் போய்ப் பாருங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா நடக்கற தூரம்தான். பார்த்துட்டு வீட்டுக்குப் போனதும் உங்க வரி ரசீதை எடுத்து, நூலக வரி எவ்வளவுன்னும் பாருங்க.